தோளும் தோலும்: அடையாற்றில் பச்சை குத்தியோர், குத்தாதோர், குத்தக் கூடாதென்போர் பற்றிய ஓர் ஆய்வு

அடையாறு பஸ் டிப்போவுக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையில் வாழும் மக்களுக்குள் எதிலும் ஒற்றுமை கிடையாது. காபிப் பொடியில் சிக்கரி சேர்க்கலாமா, மெட்ரோ பள்ளத்தை எப்போது மூடுவார்கள், சீசன் கச்சேரியில் அந்தத் தோடியைக் கெடுத்தது பாடகரா மைக்கா என்று எந்தக் கேள்விக்கும் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னதாக வரலாறு இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அறுபதைத் தாண்டிய அடையாறு ஒரே குரலில் பேசுகிறது: உடம்பில் பச்சை குத்திக்கொள்வது நம் வழக்கம் அல்ல.

இந்த ஒற்றுமைதான் இவ்வாய்வாளருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அடையாற்றில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு கூற்று உண்மையாக இருக்க முடியாது என்ற அடிப்படை விதியிலிருந்தே ஆய்வு தொடங்குகிறது.

ஆய்வு முறை

நேர்முக அவதானிப்பு. அதாவது, பார்ப்பது. ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு உகந்தவை. அந்த நாட்களில் காந்தி நகர் மொட்டை மாடிகளிலும் பால்கனிகளிலும் காற்று வாங்க வரும் பெரியவர்கள் மேல்சட்டையைத் துறந்துவிடுவதால் தரவுகள் தாமாகவே வெளிப்படுகின்றன. இளைய தலைமுறையின் தரவுகளுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைக்குப் போக வேண்டும். எண்ணிக்கை எதையும் இக்கட்டுரை தரவில்லை. ஒருவருடைய தோளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் பால்கனியில் முறைக்கிறார்கள். கடற்கரையில் முறைப்பதோடு நிற்பதில்லை.

முதல் கண்டுபிடிப்பு: தோள்பட்டையில் இட நெருக்கடி

சாஸ்திரி நகரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். பேத்தி மணிக்கட்டில் சிறகு ஒன்றைக் குத்திக்கொண்டு வந்ததிலிருந்து மூன்று வேளையும் அதையே பேசிக்கொண்டிருந்தார். பகவான் கொடுத்த உடம்பில் கிறுக்கலாமா, காட்டு ஜனங்கள் பண்ணுகிற காரியம், நம் குடும்பத்தில் யாராவது உண்டா என்று கேட்டபடியே, வியர்வைக்கு இதமாக, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

வலது தோளில் சக்கரம். இடது தோளில் சங்கு. அறியாத வயதில், ஆச்சாரியார் முன்னால் உட்கார்த்தி, ஹோமத் தீயில் காய்ச்சிய முத்திரைகளை வைத்து எடுத்த வடு. வைணவர்களின் ஐந்து சம்ஸ்காரங்களில் முதலாவதே இதுதான். சமாஸ்ரயணம் என்று சொன்னால் மயிலாப்பூர் முதல் திருவான்மியூர் வரை புரியாத வீடு குறைவு. மாத்வர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அவர்களுக்கு ஒரு தடவை போதாது. ஆஷாட மாதத்து ஏகாதசி வந்தால் மடத்து வாசலில் வரிசையில் நின்று, குழந்தை குட்டிகளோடு, தப்த முத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

“மாமா, இதுவும் தோலில் போட்ட அடையாளம்தானே?”

“அபிஷ்டு! அது பெருமாளோடது.”

“அழியுமா?”

“எப்படி அழியும்?”

“வலிக்கலையா?”

“வலிச்சா என்ன இப்போ?”

இந்த உரையாடல் இத்துறையின் மூல ஆவணமாகப் பாதுகாக்கத் தக்கது. அழியாமை, வலி, தோலைச் சிதைத்தல் ஆகிய மூன்றையும் பேத்தியின் குற்றப்பத்திரிகையில் முதல் மூன்று குற்றச்சாட்டுகளாக வைத்தவர், தம் தோளில் அவை மூன்றையும் அறுபது ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறார். அப்படியானால் எதிர்ப்பு வேறு எதற்கோ.

அதே இடது தோளில், சங்குக்குச் சற்றுக் கீழே, இன்னொரு வட்டத் தழும்பு இருந்தது. அது பெருமாளுடையது அல்ல, கவர்மெண்டுடையது. அம்மை குத்தியது. அடையாற்றுக்கு அடுத்த கிண்டியில் 1899-ல் தோன்றிய கிங் இன்ஸ்டிட்யூட்டின் முதல் வேலையே அம்மைத் தடுப்பு மருந்து தயாரிப்பதுதான். அம்மை குத்துகிறவர் தெருவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் கொல்லைப்புறமாக ஓடியதும், ஓடிய பிள்ளைகளைப் பெற்றவர்களே பிடித்து வந்து கையை நீட்டிக் கொடுத்ததும் அந்தத் தலைமுறையின் பொதுச் சொத்தான நினைவு. 1977-ல் இந்தியா பெரியம்மை ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அம்மை குத்துவது நின்றபின் பிறந்தவர்களுக்கு அந்த வட்டம் இல்லை. பி.சி.ஜி. தழும்போடு தப்பித்தார்கள்.

ஆக, அந்த மாமாவின் மேனியில் மதம் இரண்டு முத்திரையும் அரசு ஒரு முத்திரையும் பதித்திருக்கின்றன. காதில் இருக்கும் ஓட்டை குடும்பத்தின் முத்திரை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, வாயில் கல்கண்டைப் போட்டு, ஒரு வயதுகூட முழுசாக நிரம்பாத பிள்ளையை அலற அலறக் குத்தி, அழுகை ஓய்வதற்குள் பந்தி போட்டிருப்பார்கள். மொய் எழுதியிருப்பார்கள். குத்தப்பட்டவரிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் ஆய்வின் கருதுகோள் உருப்பெறுகிறது. அடையாற்றுக்கு அடையாளத்தோடு சண்டை இல்லை. யாரைக் கேட்டுக் குத்தினாய் என்பதுதான் சண்டை. குரு குத்தலாம், சர்க்கார் குத்தலாம், தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தலாம். தானே போய், தன் காசில், தன் இஷ்டத்துக்குக் குத்திக்கொண்டு வந்தால் அது பச்சை.

இரண்டாவது கண்டுபிடிப்பு: ஊரூர் ஆல்காட் குப்பத்து நூலகம்

பிரம்மஞான சபை 1882-ல் அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் மீனவக் கிராமம் கடற்கரையின் வடகோடியில் இருக்கிறது. சபையின் நூலகத்தில் ஓலைச்சுவடிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். குப்பத்தில் கைகளில் வைத்திருக்கிறார்கள்.

மீன் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவரின் முன்கையில் கோலம். வாசலில் போடுகிற அதே புள்ளிக் கோலம், புள்ளியைச் சுற்றிக் கோடு வளைந்து வளைந்து தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது. அதற்குக் கீழே இரண்டு வரியில் ஒரு பெயர்.

“இன்னா தம்பி அப்டி பாக்குற? எங்க வூட்டுக்காரு பேரு. வாயால சொல்லக் கூடாதுல்ல. ரேசன் கடையில கேட்டா கைய நீட்டிடுவேன். படிச்சிக்குவான்.”

கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதிக்கும் அதைச் சொல் என்று கேட்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் ஒரு பெண் கண்டுபிடித்த வழி. இதைவிடச் சுருக்கமான அடையாள அட்டையை எந்தத் துறையும் இதுவரை அச்சடிக்கவில்லை. ஏன் குத்திக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு ஆயாவிடம் இன்னொரு காரணமும் இருந்தது.

“செத்தா கம்மலக் கயட்டிப்பாங்க. மூக்குத்தியக் கயட்டிப்பாங்க. இத்த எவன் கயட்டுவான்?”

இந்த நம்பிக்கை ஒரு குப்பத்துக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாடு முழுக்க, பச்சை குத்திய கிழவிகள் பலர் இதையே சொல்கிறார்கள்: கூட வருகிற நகை இது ஒன்றுதான். செம்மஞ்சேரிக்கு அப்பாலிருந்து வந்து தெருத்தெருவாகக் கூவிய குறத்தி, ஒரு படி அரிசிக்கும் ஒரு பழைய புடவைக்கும் இந்த நகையைச் செய்து கொடுத்துவிட்டுப் போனாள். செய்கூலி உண்டு, சேதாரம் இல்லை.

அவள் மையை எப்படிச் செய்தாள் என்பதை எழுதி வைத்தவர் எட்கர் தர்ஸ்டன். எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர், எனவே இவ்வாய்வாளருக்கு முன்னோடி. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த மண்சட்டியில் படிகிற கரியை வழித்தெடுத்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பார்கள் என்கிறது அவர் தந்த குறிப்பு. 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலைத் தென்னிந்தியாவில் பலர் சண்டைக்காகவே புரட்டுகிறார்கள். பச்சைக்காகப் புரட்டுகிறவர்கள் அபூர்வம்.

கோலத்தைப் பற்றியும் கடல் கடந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் லேயார்ட் என்ற ஆங்கில மானிடவியலாளர் 1937-ல் தென்னிந்தியாவின் வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் ஒன்றாக வைத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவருக்கு இவை எல்லாம் புதிர்வழிகள். அவர் முன்பு தங்கியிருந்த பசிபிக் தீவான மலேகுலாவில் ஒரு நம்பிக்கை உண்டு: இறந்தவர் மறுவுலகுக்குப் போகும் வழியில் ஒரு ஆவி மணலில் வரைந்த கோலத்தில் பாதியை அழித்துவிடும், மீதியைச் சரியாகப் போட்டு முடித்தால்தான் உள்ளே விடும். கையிலேயே குத்தி வைத்துக்கொண்டால் பார்த்து எழுதலாமே என்பது இவ்வாய்வாளர் சேர்க்கும் சிறு குறிப்பு. பொதுத்தேர்வு எழுதிய சமூகத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடலியல் இடைக்குறிப்பு

பச்சை ஏன் அழிவதில்லை? மேல்தோல் மாதத்துக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகிறது. மருதாணி அந்த உதிரும் தோலை மட்டும் சிவக்க வைப்பதால் பத்துப் பதினைந்து நாளில் போய்விடுகிறது. கல்யாணத்துக்குக் கல்யாணம் எல்லோரும் கூசாமல் கையை நீட்டுவதும் அதனால்தான். ஊசி போவது அதற்கும் கீழே, உள்தோலுக்கு. அங்கே அந்நியப் பொருள் வந்ததும் உடம்பின் காவல் அணுக்கள் ஓடி வந்து மையை விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியவில்லை. விழுங்கிய அணு ஒரு நாள் செத்துப்போகிறது, மை வெளியே கொட்டுகிறது, அடுத்து வந்த அணு அதை அப்படியே விழுங்குகிறது. எலிகளின் வாலில் பச்சை குத்திப் பார்த்து 2018-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதை நிறுவினார்கள். தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரிதான். எடுத்த அதிகாரி முடிக்காமல் ரிடையர் ஆவார், அடுத்தவர் வந்து அதே ஃபைலை அதே அலமாரியில் அதே இடத்தில் வைத்துக்கொள்வார், தலைமுறைகள் மாறினாலும் ஃபைல் நகராது.

கரி கறுப்பாகத்தானே இருக்க வேண்டும், பச்சையாகத் தெரிவானேன் என்று கேட்கலாம். தோலின் ஆழத்தில் இருக்கும் கறுப்பு மீது ஒளி விழும்போது நீலத்தை ஒட்டிய குற்றலைகள் சிதறி அதிகமாகத் திரும்புகின்றன. வானம் நீலமாக இருப்பதற்கும் ஏறக்குறைய இதுவே காரணம். ஆயாவின் முன்கையில் கோலம் போட்டிருப்பது அகத்தி இலையாக இருக்கலாம், நிறம் போட்டது இயற்பியல்.

இயந்திரத்தின் கதை இன்னும் விநோதம். எடிசன் 1876-ல் ஒரு மின்சாரப் பேனாவுக்கு உரிமம் வாங்கினார். ஆபீஸ் கடிதத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்டுப் பல நகல் எடுப்பதற்கான கருவி அது. வியாபாரம் நெடுநாள் ஓடவில்லை. 1891-ல் நியூயார்க்கில் சாமுவேல் ஓரெய்லி அதே தத்துவத்தில் பச்சை குத்தும் மின்கருவிக்கு உரிமம் பெற்றார். எழுத்தர்களுக்காகப் பிறந்த கருவி என்ற முறையில், பாதிப் பேர் வங்கியிலும் மீதிப் பேர் ஏ.ஜி. ஆபீஸிலும் ஓய்வு பெற்ற அடையாற்றுக்கு அதன்மேல் கொஞ்சம் பரிவு இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கண்டுபிடிப்பு: அனுமதி அதிகாரிகள்

கருதுகோளுக்குத் திரும்புவோம். வரலாற்றில் உடம்பில் எழுத உரிமை உள்ளவர் பட்டியலில் உடம்பின் சொந்தக்காரர் கடைசியாகத்தான் வருகிறார்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி ஆயுள் கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தியது. வங்காளத்தில் தீவிரமாக நடந்த இந்த வழக்கம் 1849-ல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. குற்றவாளி தப்பி ஓடினாலும் குற்றப்பத்திரிகை முகத்திலேயே கூட வரும் என்ற நிர்வாக நுட்பம். அந்தக் கம்பெனியின் வாரிசான பேரரசர் ஐந்தாம் ஜார்ஜ், இளவரசராகக் கப்பலில் உலகம் சுற்றிய 1881-ல் ஜப்பானில் இறங்கித் தம் கையில் டிராகனைக் குத்திக்கொண்டார். 1911 தில்லி தர்பாரில் இந்திய ராஜாக்கள் குனிந்து வணங்கியபோது சட்டைக் கைக்குள் அந்த டிராகன் இருந்தது. பச்சை குத்துவது கீழ்மட்டத்து வழக்கம் என்று சொல்கிறவர்கள் எந்த மட்டம் என்று குறிப்பிட்டால் ஆய்வுக்கு உதவியாக இருக்கும்.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிச் சிறுமிகளுக்கும் முத்திரை வைத்தார்கள். சிவன் கோயில் என்றால் சூலம். யாருடைய சொத்து என்று காட்டுகிற முத்திரை அது. அந்த முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாற்றில்தான் இன்றும் இருக்கிறது. சட்டம் 1947-ல் வந்தது. அவர் 1954-ல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையால்தான் வெளியூர்க்காரர்கள் அடையாறு என்ற பெயரையே அறிகிறார்கள். தன் தோலில் என்ன எழுதலாம் என்று ஒரு பெண் தானே முடிவு செய்வதை இந்தப் பேட்டையின் வரலாறு அறியாதது அல்ல. அதற்காகச் சண்டை போட்ட வீடு லாட்டிஸ் பாலம் சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

கட்சிக்கு வருவோம். அடையாற்றில் சத்யா ஸ்டூடியோவை நடத்திய எம்.ஜி.ஆர். 1972-ல் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். பிறகு, கட்சிக்காரர்கள் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானவர்கள் கையை நீட்டினார்கள். கட்சி மாறுவது சட்டையை மாற்றுவது போல என்று கருதப்பட்ட நாட்டில், சட்டைக்கு உள்ளே போய்க் கட்டிப்போடும் யோசனை அது. கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-ல். எம்.ஜி.ஆர். ஊசியோடு அதற்கு ஏறக்குறையப் பத்தாண்டு முன்னதாகவே கிளம்பிவிட்டார். அன்று குத்திக்கொண்ட கைகள் இன்றும் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கொடி மங்கலாகி, அண்ணா நீட்டிய விரல் தோல் சுருக்கத்தில் வேறு பக்கம் காட்டுகிறது.

தேர்தல் மையும் இந்த வகைதான். 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூர் கம்பெனி காய்ச்சித் தரும் வெள்ளி நைட்ரேட் மை. சர்க்கார் இலவசமாக, வலியில்லாமல், சில வாரத்தில் தானே போய்விடும்படி வைக்கிற ஒரே அடையாளம். தென்சென்னையில் அதைக்கூட வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தேர்தலுக்கு மறுநாளும் பத்திரிகைகள் புலம்பி எழுதுகின்றன.

தவிர்ப்போர் கூறும் காரணங்கள்

முதல் காரணம்: கவர்மெண்ட் வேலை கிடைக்காது. இதில் பாதி உண்மை. ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் பச்சைக்கு அனுமதி உண்டு, மற்ற இடங்களில் இருந்தால் பெரும்பாலும் நிராகரிப்பு. பழங்குடியினருக்கு மரபு கருதி விலக்கு இருக்கிறது. ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லிப் பிள்ளையைத் தடுக்கும் குடும்பங்களில் ஒன்றுகூடப் பிள்ளையை ராணுவத்துக்கு அனுப்ப உத்தேசித்ததாகத் தெரியவில்லை. அதே கவர்மெண்ட்தான் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் இரண்டு வேண்டும் என்று கேட்டு, மச்சம் இல்லாத பிள்ளையைத் தலைமையாசிரியர் அறையில் திருப்பித் திருப்பிப் பார்க்க வைத்தது.

இரண்டாவது: வரன் அமையாது. மூன்றாவது: அழியாது. இந்த மூன்றாவது காரணம் ஆழ்ந்த ஆய்வுக்குரியது. பிக்சட் டெபாசிட், கிரீன் கார்டு, பர்மனெண்ட் வேலை, காந்தி நகரில் மனை என்று நிலைத்தவற்றையே வாழ்நாளெல்லாம் துரத்திய மக்கள், உண்மையிலேயே நிலைத்த ஒரு பொருளைக் கண்டதும் அது அழியாதே என்று கலங்குகிறார்கள். 2005-ல் கஜினி படம் வந்தபோது ஒரு பையன் அதில் சூர்யாவின் உடம்பில் இருந்த பச்சையைக் காட்டி வாதாடினானாம். தாயார் ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்தார்: “அவனுக்கு ஞாபக மறதி, உனக்கு என்னடா கேடு?”

ஒரே ஒரு காரணம் கெட்டியானது. திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால், ஒரே கிண்ணத்து மையால், வரிசையாக ஐம்பது கைகளுக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் அதைவிடக் கொடியவையும் கையிலிருந்து கைக்குப் போகும். ரத்த வங்கிகள் பச்சை குத்தியவரைப் பல மாதங்களுக்குத் தானம் செய்ய விடாததும் இதற்குத்தான். புதிய ஊசியைக் கண் முன்னால் உறையைக் கிழித்து எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லி மறுத்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. விந்தை என்னவென்றால், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்குப் பிறகுதான், அதுவும் டாக்டர் யாராவது பக்கத்தில் இருந்தால்தான், இந்தக் காரணம் அடையாற்று வாயில் வருகிறது.

சட்டைக்கை விதியும் சதுர அங்குலப் பொருளாதாரமும்

குத்திக்கொள்பவர்களும் இந்த நாலு பேரை மறந்தவர்கள் அல்லர். பச்சையின் இடத்தைத் தீர்மானிப்பது அழகுணர்ச்சி அல்ல, சட்டைக் கையின் நீளம் என்பதை இவ்வாய்வு நிறுவுகிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் தோள்பட்டைக்குப் பின்னால், முதல் சம்பளத்தில் மேல்கையில், அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் விழுந்த வாரத்தில் மணிக்கட்டில் என்று, வருமானம் ஏற ஏறப் பச்சை கீழே இறங்குகிறது. நவராத்திரி கொலுவுக்கு வந்த பெண் முக்கால்கை ரவிக்கை போட்டிருந்தால் மாமிகள் துணியைப் பாராட்டுகிறார்கள். அனுபவம் உள்ள மாமிகள் மட்டும் குங்குமம் கொடுக்கும் சாக்கில் கையைச் சற்று அதிகமாக நீட்டச் சொல்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, குளிர்சாதன அறையில் குத்தும் கடைகள் சதுர அங்குலக் கணக்கில் வாங்குகின்றன. அங்குலம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 144 சதுர அங்குலம், ஆக 72,000 ரூபாய். காந்தி நகர் மனைத் தரகரே கேட்கக் கூசும் விலை. பேத்தியின் சிறகு பற்றிய விவாதத்தில் இந்தக் கணக்கை முன்வைத்தபோது மாமாவின் முகத்தில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது. பட்டா உண்டா என்று மட்டும் கேட்டார்.

உள்ளடக்கச் சிக்கல்

எதைக் குத்திக்கொள்வது என்பதுதான் கடைசியில் எல்லோரையும் தடுமாற வைக்கிறது. காதலி பெயர் ஆபத்தானது. அடையாற்றின் உடைந்த பாலத்துச் சுவரில் எழுதினாலாவது அடுத்த ஜோடி வந்து அதன்மேல் எழுதிக்கொள்ளும். கையில் எழுதிய பெயரை ரோஜாவாகவோ கழுகாகவோ மாற்ற வேண்டும், இல்லையென்றால் லேசருக்குப் போக வேண்டும். கறுப்பு ஓரளவு பணிகிறது, பச்சை நிற மை முரண்டு பிடிக்கிறது. பல அமர்வுகள், ஒவ்வொன்றும் குத்தியதைவிட வலி, குத்தியதைவிடச் செலவு.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டு இளைஞன் கண்ட தீர்வு ஒரே சொல்: அம்மா. எழுத்துப் பிழைக்கு இடமில்லை, காலாவதி இல்லை. வீட்டின் எதிர்க்கட்சித் தலைவரே வாயடைத்துப் போகிறார். பச்சை குத்தினால் வீட்டுப் படி ஏறாதே என்றவர், கையைப் பார்த்ததும் தேங்காய் எண்ணெயைத் தேடுகிறார். அனுமதி கேட்காமல் செய்த குற்றத்துக்கு அனுமதி தருகிற அதிகாரியின் பெயரையே எழுதிவிடும் தந்திரம் இது.

ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாத்தியதை உண்டு. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் 68-வது பிறந்தநாளையொட்டி, அடையாற்றை அடுத்த வேளச்சேரியில், கட்சியினர் நூற்றுக்கணக்கானோர் அவர் படத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். வலி தாங்காமல் பெண்கள் அழுததைத் தொலைக்காட்சிகள் காட்டின. எம்.ஜி.ஆர். காலத்து ஊசி, புதிய மெஷின். அதற்குப் பிறகு, கையில் வெறுமனே அம்மா என்று எழுதியிருப்பவரின் அரசியல் சார்பு என்ன என்பது தமிழகம் முழுவதற்குமான ஐயம் ஆனது.

இந்திரா நகரில் நடந்த பெண் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றில் இந்த ஐயம் உச்சத்தைத் தொட்டது. சொஜ்ஜி, பஜ்ஜி முடிந்தது. பெண் காபி கொண்டு வந்தாள். டம்ளரை வாங்கப் பையன் கையை நீட்டியபோது சட்டைக் கை அரை அங்குலம் மேலே போனது. பெண்ணின் தகப்பனார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து படித்தார். நிமிர்ந்து, குரலைத் தாழ்த்தி, “தப்பா எடுத்துக்காதீங்கோ, இது எந்த அம்மா?” என்றார். பையன் வாயைத் திறப்பதற்குள் பெற்றவள் முந்திக்கொண்டாள்.

“என்னைத்தான். இனிஷியலோட போட்டுக்கோடான்னு தலையா அடிச்சிண்டேன், கேட்டாத்தானே!”